வேலையிடமும் பெண்களின் இனப்பெருக்க நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலை, மருத்துவமனை, பண்ணை, ஆய்வகம், அழகு நிலையம் என எங்கே வேலை செய்தாலும், இந்த விஷயத்தில் பெண்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பதில்களுக்குப் பின்னால் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் ஆபத்து இருந்தால் வேலையைத்தான் திருத்த வேண்டும். பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு ஆபத்தை அப்படியே வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

இது கர்ப்பிணிகளுக்கான விஷயம்தானே? எனக்கு ஏன்?

மாதவிடாய் ஒழுங்கு, கருத்தரிக்கும் திறன், சினைப்பைகளின் ஆயுள், கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தையின் எடையும் வளர்ச்சியும், தாய்ப்பால் என்று எல்லாமே இதில் அடங்கும். குழந்தை பெறும் எண்ணமே இல்லாத பெண்ணுக்கும் இது பொருந்தும். இளம் வயதிலேயே சினைப்பை செயலிழந்தால் எலும்புகள் வலுவிழக்கும். இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும்.

தென்கொரியாவில் 1995இல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மின்னணு உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில், ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பழைய கரைப்பானுக்கு மாற்றாக 2-புரோமோபுரோப்பேன் கலந்த கரைப்பானைக் கொண்டுவந்தார்கள். உதிரிபாகங்களை அதில் முக்கி எடுப்பது ஒரு பிரிவின் அன்றாட வேலை. அந்தப் பிரிவில் இருந்த இளம்பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராக மாதவிடாய் நின்றது. ஐம்பதை நெருங்கும்போது வர வேண்டிய உடல்சூடும் வியர்வையும் அவர்களுக்கு வந்தன. பரிசோதிக்கப்பட்ட 25 பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சினைப்பைகள் செயலிழந்திருந்தன. அங்கேயே வேலை செய்த ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை வீழ்ந்திருந்தது. அந்தப் பொருள் மனிதர்களை இப்படிப் பாதிக்கும் என்று அதுவரை எங்கும் பதிவாகவில்லை. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கொண்டுவந்த மாற்று, தொட்டியருகே நின்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஆகவே, உங்கள் பிரிவில் பலருக்கு ஒரே காலத்தில் மாதவிடாய் தவறினால் அதை அவரவர் உடம்பின் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சேர்ந்து பேசுங்கள், தேதிகளை எழுதி வையுங்கள்.

கர்ப்பம் உறுதியான பிறகு கவனமாக இருந்தால் போதாதா?

பல ஆபத்துகளுக்கு அது தாமதம். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த சுமார் 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலர் பரிசோதனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். கருவின் முக்கிய உறுப்புகள் உருவெடுப்பது மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். மேலதிகாரியிடம் சொல்லி, அவர் யோசித்து, வேறு பிரிவுக்கு மாற்றுவதற்குள் அந்தக் காலம் கடந்துவிடும்.

ஈயத்தின் கணக்கு இதைவிட நீளமானது. உடலில் சேரும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்குகிறது. பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் குழந்தைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது, பழைய ஈயமும் சேர்ந்து இரத்தத்துக்கு வருகிறது. பேட்டரி ஆலை வேலையை விட்டு ஆண்டுகள் பல ஆன பெண்ணின் கருவுக்கும் அந்த ஆலையின் ஈயம் போய்ச் சேரலாம். வேலையிடம் எல்லா நாளும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கர்ப்பத்தை அறிவித்த நாளிலிருந்து தொடங்கும் பாதுகாப்பு பாதிப் பாதுகாப்புதான்.

எந்தெந்தப் பொருட்களைப் பற்றி உறுதியாகத் தெரியும்?

விலங்குகளிடம் இனப்பெருக்கப் பாதிப்பைக் காட்டிய வேலையிட வேதிப்பொருட்கள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மனிதர்களிடம் முறையாக ஆராயப்படவில்லை. இந்தக் கேள்விக்கு யார் சிறிய பட்டியல் கொடுத்தாலும் அதை முழுமையானது என்று நம்பாதீர்கள். வலுவான சான்று உள்ளவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஈயம் முதலிடத்தில் வரும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி. பேட்டரி, பற்றவைப்பு, பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுதல், பழைய மின்னணுப் பொருட்களைப் பிரித்தல் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். பாதரசமும் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளையைத் தாக்கும்.

கரைப்பான்களில் சில வகை கிளைக்கால் ஈதர்கள் குறிப்பிடத்தக்கவை. குறைக்கடத்திச் சில்லுகள் செய்யும் ஆலைகளில் இவற்றைக் கையாண்ட பெண்களுக்குக் கருச்சிதைவு கூடியதையும் கருத்தரிக்கத் தாமதமானதையும் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அதன் பிறகே அந்தத் தொழில் அவற்றைக் கைவிடத் தொடங்கியது. இவை தோல் வழியாகவே நன்றாக உடலில் ஏறும், மூக்குக்கு வாசனை தெரிய வேண்டும் என்பதில்லை. ரேயான் ஆலைகளின் கார்பன் டைசல்பைடு மாதவிடாய்ச் சுழற்சியைக் குலைக்கும். பூச்சிக்கொல்லிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். தெளிப்பவருக்கு மட்டும்தான் ஆபத்து என்பது தவறு; தெளித்த வயலுக்குள் உரிய இடைவெளி விடாமல் களை எடுக்கப் போகும் பெண்ணின் கையிலும் அது ஒட்டிக்கொள்கிறது.

நான் செவிலியர். மருத்துவமனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

குணப்படுத்தும் இடம் என்பதாலேயே இங்குள்ள ஆபத்துகள் பேசப்படாமல் போகின்றன. முதலாவது புற்றுநோய் மருந்துகள். வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்வதற்காகவே செய்யப்பட்டவை அவை. வளரும் கருவும் வேகமாகப் பிரியும் செல்களால் ஆனது. குப்பியின் வெளிப்புறத்திலும் மருந்து படிந்திருக்கும். மாத்திரையை நசுக்கும்போது தூள் பறக்கும். மருந்து ஏற்றிய பிறகு இரண்டு நாள் வரையிலாவது நோயாளியின் சிறுநீர், வாந்தி, படுக்கை விரிப்பு ஆகியவற்றைக் கையுறையோடுதான் தொட வேண்டும். இதைச் செவிலியருக்குச் சொல்கிறார்கள். விரிப்பைத் துவைப்பவருக்கும் கழிவறையைக் கழுவுபவருக்கும் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்தது மயக்க வாயுக்கள். பல் மருத்துவமனைகளில் வேலை செய்யும் உதவியாளர்களைப் பற்றி 1992இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. கசியும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கருவி இல்லாத அறைகளில் வாரம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ நைட்ரஸ் ஆக்சைடோடு இருந்த பெண்கள், ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. அந்தக் கருவி இருந்த அறைகளில் இந்தக் குறை தெரியவில்லை. ஒரே வாயு, ஒரே வேலை. வேறுபாடு ஒரு கருவியில் இருந்தது.

கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடுக்கும் கருச்சிதைவோடு தொடர்பு காணப்பட்டுள்ளது. காற்றோட்டமும் கசிவுக் கண்காணிப்பும் இல்லாத கிருமிநீக்க அறையில் நிற்காதீர்கள்.

எக்ஸ்ரே பிரிவில் கர்ப்பிணி வேலை செய்யலாமா?

பல நேரங்களில் செய்யலாம். கர்ப்பத்தை அறிவித்த பிறகு மீதிக் காலம் முழுவதிலும் கருவுக்கு வேலையால் வரும் கூடுதல் கதிர்வீச்சின் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. முறையாக நடக்கும் பிரிவில் இந்த எல்லைக்குள் இருப்பது கடினமில்லை. ஈய அங்கிக்கு உள்ளே இடுப்பருகே கதிர்வீச்சை அளக்கும் தனி அளவியை அணிந்துகொள்ளுங்கள், அதன் அளவீட்டை மாதந்தோறும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கதிரியக்க மருந்துகளைக் கையாளும் பிரிவில் உட்கொள்ளும் ஆபத்தும் சேர்வதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

நாள் முழுதும் கணினித் திரைமுன் இருந்தால்?

திரையால் கருச்சிதைவு கூடுவதில்லை. 1991இல் தொலைபேசி ஊழியர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எழுந்து நடக்காமல் உட்கார்ந்தே இருப்பது உடலுக்கு நல்லதல்ல என்பது வேறு விஷயம்.

இரவுப்பணி பாதிக்குமா?

மாதவிடாய் ஒழுங்கு மாறுவதைப் பலர் தங்கள் அனுபவத்திலேயே அறிவார்கள். மெலடோனின் என்ற சுரப்பு இரவின் இருளில்தான் கூடும். இரவு முழுதும் வெளிச்சத்தில் விழித்திருந்தால் அது குறையும். 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கர்ப்பத்தின் எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரு வாரத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ இரவுப்பணிகள் பார்த்தவர்களுக்கு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியிருந்தது.

இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எட்டாவது வாரத்துக்குப் பின் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பே சிறியது. அந்தச் சிறிய வாய்ப்பில் 32 சதவீதம் கூடுகிறது என்று பொருள். நூறு பேரில் முப்பத்திரண்டு பேருக்குக் கரு கலையும் என்று பொருள் அல்ல. ஆனால் பணி அட்டவணையை மாற்றிப் போடுவதால் குறைக்கக்கூடிய ஆபத்து இது. அதை ஏன் குறைக்காமல் விட வேண்டும்?

பாரம் தூக்குவது, நின்றுகொண்டே இருப்பது, வெப்பம், இரைச்சல்?

பாரம் தூக்குவதும், அடிக்கடி குனிந்து நிமிர்வதும், நீண்ட நேரம் நிற்பதும் குறைப்பிரசவத்தின் வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன. நாற்காலியும் இடைவேளையும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள இன்னொருவரும் இருந்தால் பெரும்பகுதி தீரும். வயிறு பெரிதாகும்போது பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடிக்க முடியாது; நேற்றுவரை எளிதாக இருந்த அதே எடை முதுகை இழுக்கும்.

உலை, அடுப்பு, வெயில் எதுவானாலும், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் உடலின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நரம்புக்குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பைக் கூட்டும். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் உண்டு. அவர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும்தான் முதல் மருந்து.

இரைச்சலைப் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. காதடைப்பான் தாயின் காதைக் காக்கும், கருவின் காதைக் காக்காது. தாழ்ந்த அதிர்வெண் ஒலி வயிற்றைத் தாண்டி உள்ளே போகும். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட இரைச்சலில் கர்ப்பகாலம் முழுதும் வேலை செய்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கேள்திறன் குறை கூடுதலாக இருந்ததை 2016இல் ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. 115 டெசிபெலைத் தாண்டும் இடத்தில் காதடைப்பானோடுகூடக் கர்ப்பிணி நிற்கக் கூடாது.

குழந்தைகளோடு, விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்கு?

ரூபெல்லா, சின்னம்மை, பார்வோ வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவை சிறு குழந்தைகளிடமிருந்து தொற்றக்கூடியவை. கடைசியாகச் சொன்னது எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும். குழந்தையின் மூக்கைத் துடைத்த பிறகும், ஈரத்துணியை மாற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே இதற்குக் காப்பு. ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகளைக் கர்ப்பத்துக்கு ஒரு மாதமாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பகாலத்தில் போட முடியாது. ஆடுகள் ஈனும் நேரத்தில் கர்ப்பிணிகள் கொட்டகைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் ஈன்ற கழிவில் இருக்கும்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்ததுபோல ஒரு மனித உருவம் இருக்கும். நீண்டகால உடல்நலக் கேடுகளுக்கான சர்வதேச அடையாளம் அது. அதைக் கண்டால் நிறுத்தி, எச் என்ற எழுத்தோடு வரும் எண்களைத் தேடுங்கள். எச் 360 இருந்தால் கருத்தரிக்கும் திறனையோ கருவையோ கெடுக்கக்கூடியது. கூடவே எஃப் (F) இருந்தால் கருத்திறன், டி (D) இருந்தால் கரு. எச் 361 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுவது. எச் 362 என்றால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. இந்த எச் 362க்குப் படமே கிடையாது, எழுத்தில் மட்டும்தான் வரும். படத்தை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிட்டுவிடுவார்.

டப்பாவில் லேபிள் இல்லையென்றால் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். இரண்டாவது பகுதியில் ஆபத்து வகை, எட்டாவதில் வரம்பும் பாதுகாப்புச் சாதனமும், பதினொன்றாவதில் நச்சுத்தன்மை. ‘தகவல் இல்லை’ என்று பதினொன்றாவது பகுதியில் எழுதியிருந்தால் ஆராயப்படவில்லை என்றே பொருள். ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்.

‘எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்கிறார் மேலாளர். நம்பலாமா?

எந்த வரம்பு, எதைத் தடுப்பதற்காக வைத்தது என்று கேளுங்கள். பல வரம்புகள் கண் எரிச்சல், மயக்கம், ஈரல் பாதிப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டவை. கருவை மனத்தில் வைத்து வகுத்தவை குறைவு. தவிர, அவை காற்றில் உள்ள அளவைச் சொல்கின்றன. தோல் வழியாக ஏறுவது அந்தக் கணக்கில் வராது.

முகக்கவசமும் கையுறையும் போதாதா?

அவை கடைசி வரிசைக் காப்பு. முதலில் அந்தப் பொருளையே மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மூடிய கருவி, பிறகு காற்றோட்டம், பிறகு வேலை நேரம், இவையெல்லாம் முடிந்த பிறகே கையுறை. ஆணின் முகத்துக்கு அளவெடுத்த கவசம் பெண்ணின் முகத்தில் ஓரங்களில் இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாகத்தான் மூச்சு போகும். கையுறையும் பொருளுக்கேற்ற வகையாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையைப் பல கரைப்பான்கள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

தாய்ப்பால் கொடுக்கிறேன். நிறுத்திவிட வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை, நிறுத்த வேண்டியது பொருளோடு உள்ள தொடர்பை. ஈயமும் பாதரசமும் கொழுப்பில் கரையும் கரைப்பான்களும் பாலில் வரும் என்பது உண்மை. கனடாவில் 1977இல் பதிவான ஒரு நிகழ்வில், பால் குடிக்கும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது. தாய் கரைப்பானோடு வேலை செய்பவர் அல்லர். தோல் ஆடைகளைக் கரைப்பானால் சுத்தம் செய்யும் கணவரை மதிய உணவு வேளைகளில் போய்ப் பார்த்துவருவார், அவ்வளவுதான். அந்தக் கரைப்பான் அவருடைய பாலில் இருந்தது.

வேலை உடையிலும் காலணியிலும் தூசி வீட்டுக்கு வரும். குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவதும், வேலை உடையைத் தனியே துவைப்பதும் குழந்தைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் அவசியம்.

கணவரின் வேலையும் பாதிக்குமா?

பாதிக்கும். கலிஃபோர்னியாவில் 1977இல், டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆண்களில் பலர் தங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்தே அதன் கேடு வெளிவந்தது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். எனவே ஆண்களும் குழந்தைக்கு முயல்வதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே கவனமாக இருக்க வேண்டும். குழந்தை இல்லாததற்குப் பெண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவது மருத்துவப்படியும் தவறு.

எனக்குக் கருச்சிதைவு ஆனது. என் வேலைதான் காரணமா?

உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கருவின் குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை. ஒரு தனிப்பட்ட கருச்சிதைவுக்கு வேலைதான் காரணம் என்றோ, இல்லை என்றோ எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்வது அரிது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். வேலைக்குப் போனது உங்கள் குற்றமல்ல. உங்களுக்கு யாரும் சொல்லித்தராத ஆபத்துக்கு நீங்கள் பொறுப்பாளியும் அல்ல. அடுத்த கர்ப்பத்துக்கு முன் என்ன பொருளோடு, எத்தனை மணி நேரம், எப்படி வேலை செய்தீர்கள் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களே?

இந்த அச்சம் வீணானது அல்ல. 1978இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிறமி ஆலை, குழந்தை பெறும் வயதுப் பெண்கள் ஈயப் பிரிவில் இருக்கக் கூடாது, கருத்தடை அறுவை செய்துகொண்டால் இருக்கலாம் என்றது. ஐந்து பெண்கள் வேலைக்காக அந்த அறுவையைச் செய்துகொண்டார்கள். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது. காற்றைச் சுத்தம் செய்வதைவிடப் பெண்ணின் உடலை வெட்டுவது மலிவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பேட்டரி நிறுவனத்தின் இதுபோன்ற தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் பாலினப் பாகுபாடு என்று அறிவித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டின் 183ஆம் ஒப்பந்தம், தாய்க்கோ குழந்தைக்கோ தீங்கான வேலையைக் கர்ப்பிணியோ பாலூட்டும் பெண்ணோ செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 14 வார மகப்பேற்று விடுப்பையும், கர்ப்பத்தைக் காரணமாக்கிப் பணிநீக்கம் செய்வதற்குத் தடையையும் வகுக்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ கேளுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள்.

மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது?

‘ஆலையில் வேலை’ என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் தொடும் ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், நாளுக்கு எத்தனை மணி நேரம், சன்னலும் உறிஞ்சு விசிறியும் உண்டா, கை நனைகிறதா, வேலை முடிந்ததும் தலைவலியோ மயக்கமோ வருகிறதா, விடுமுறை நாளில் அது குறைகிறதா, கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஈயம் சந்தேகம் என்றால் இரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தரவுத் தாளின் நகலையும் கூடவே எடுத்துப் போங்கள்; ஆலை கொடுக்க மறுத்தால், மறுத்தவர் பெயரையும் தேதியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.